மார்கழி மரியாதை

மார்கழி பிறந்துவிட்டால் முருங்கைக்காயை யாரும் கிலோ கணக்கில் விசாரிப்பதில்லை. "ஒண்ணு எவ்வளவுப்பா?" என்றுதான் கேட்கிறார்கள். சித்திரையில் கட்டுக் கட்டாகத் தரையில் கிடந்த அதே காய், இப்போது தராசுக்குப் பின்னால், கடைக்காரர் கைக்கு மட்டும் எட்டும் இடத்தில் நின்றுகொண்டிருக்கும். முறுக்கிப் பார்த்து வாங்குவதைப் பிறப்புரிமையாக நினைத்திருந்த பெண்மணிகளை "முறுக்காதீங்கம்மா" என்று ஒரே அதட்டலில் அடக்கிவிடுவார். கிலோ நானூறு ரூபாயைத் தொட்ட மார்கழியைச் சென்னை பார்த்திருக்கிறது. கோடையில் இதே காய் பத்து ரூபாய்க்குக்கூட விலை போகாமல், பறிகூலி கட்டாது என்று விவசாயி மரத்திலேயே விட்டுவிடுவதும் உண்டு.

கோடையில் சாம்பாரில் கிடக்கும் துண்டை ஒரு கடி கடித்துவிட்டு இலையோரம் ஒதுக்குகிறோம். மார்கழியில் வீட்டுக்கு ஒரு காய்தான் வாங்குகிறோம் என்பதால், எந்தத் துண்டு யாருக்கு என்பதில் வீட்டில் யாருக்கு என்ன இடம் என்பது தெரிந்துபோகும். (எனக்குக் காம்புப் பக்கத்துத் துண்டு.) சாப்பிட்டு முடித்தபின் கிடக்கும் சக்கையைப் பார்த்தால், அது ஒருகாலத்தில் முருங்கைக்காயாக இருந்தது என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள்.

இத்தனைக்கும் காரணம் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ உதிர்ந்துவிடும். பின்னால் வரும் பனியில் மரம் பூப்பதற்கே யோசிக்கும். பூத்த பூ காயாகித் திரள ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். ஆக, தீபாவளி மழையின் கணக்கு பொங்கல் சாம்பாரில் தீர்க்கப்படுகிறது. தேனி, திண்டுக்கல், கரூர் லாரிகள் குறைந்த நாட்களில் குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் காய் வந்து கோயம்பேட்டில் இறங்கும். என்னைக் கேட்டால் அது சப்பென்றுதான் இருக்கும். ஆனால் நானூறு ரூபாய் கொடுத்தவர் நாக்கு அதை ஒப்புக்கொள்ளாது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை மரம் நிற்கிறது. இதைக் கேள்விப்பட்டதும் "கொடுத்துவெச்சவர் சார் நீங்க" என்று மார்கழியில் பெருமூச்சு விடுகிறார்கள். அப்பாவிகள். காய் நானூறு விற்கும்போது என் மரத்திலும் காய் இருக்காது. என் மரத்திலும் அதன் சொந்தபந்தங்கள் எதிலும் இல்லாததால்தானே அது நானூறு? என் மரம் காய்த்துத் தொங்கும்போது ஊர் முழுக்கக் காய்த்துத் தொங்கும். இதை வைத்து நான் நாலு காசு பார்க்க வேண்டுமென்றால், அது ஊரோடு ஒத்துவாழத் தெரியாத மரமாக இருக்க வேண்டும்.

பங்குனியில் பை நிறையக் காயோடு நான் தெருவில் இறங்கினால் எதிர்வீட்டில் டி.வி. சத்தம் சட்டென்று நிற்கும். மாடி வீட்டு அக்கா பால்கனியில் நின்றபடியே, "ஐயோ, நேத்துதான் எங்க நாத்தனார் ஒரு மூட்டை கொண்டாந்து போட்டுட்டுப் போனாங்க" என்பார். அவருக்கு நாத்தனாரே கிடையாது என்று அம்மா சொல்கிறாள். மார்கழியில் நிலைமை வேறு. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, எதிர்வீட்டு சார் கேட்டைத் திறந்து உள்ளே வந்து முதலில் கேட்ட கேள்வி, "மரம் எப்படி இருக்கு?" கேட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார். "அதோ உச்சியில ஒரு பிஞ்சு தெரியுதே?" அது காய்ந்த குச்சி. சொன்னால் நம்பவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் பறித்துப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம் என்ற சந்தேகம் அவருக்கு இன்றுவரை இருக்கிறது.

1983-இல் வந்த 'முந்தானை முடிச்சு' படத்தில் பாக்யராஜ் இந்தக் காய்க்கு ஒரு தனிப் புகழ் வாங்கிக் கொடுத்தார். நாற்பது வருடம் தாண்டியும், பந்தியில் மாப்பிள்ளை இலையில் முருங்கைக்காய் விழுந்தால் எங்கிருந்தோ ஒரு கனைப்பு கேட்கிறது. கவனித்துப் பாருங்கள், அந்தக் கனைப்பு வைகாசி முகூர்த்தத்தில்தான் கேட்கும். தை முதல் முகூர்த்தத்தில் அதே துண்டு விழுந்தால், "பொண்ணு வீட்டுக்காரங்க நல்லாத்தான் செலவு பண்றாங்க" என்பார்கள். மலிவாக இருந்தால் மன்மத லேகியம், விலை ஏறிவிட்டால் அந்தஸ்து.

ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதிய 'நாடுகளின் செல்வம்' நூலில் தண்ணீரையும் வைரத்தையும் எதிரெதிரே நிறுத்தி வியந்தார். தண்ணீரைவிட உபயோகமான பொருள் இல்லை, அதைக் கொடுத்தால் பதிலுக்கு ஒன்றும் கிடைக்காது. வைரத்தால் உபயோகமே இல்லை, அதற்கு எதையும் கொடுக்கிறார்களே என்று. (2019 கோடையில் சென்னையில் நின்று இதைச் சொல்லியிருந்தால், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் அவருக்குப் பதில் சொல்லியிருப்பார்கள்.) பாவம், இரண்டு பொருளைத் தேடி அலைந்திருக்கிறார். எங்கள் கொல்லைக்கு வந்திருந்தால் ஒரே மரத்தில் காட்டியிருப்பேன்: சித்திரையில் தண்ணீர், மார்கழியில் வைரம்.

முருங்கைக்காவது வருடம் ஒருமுறை மரியாதை திரும்பி வருகிறது. அலுமினியத்துக்குப் போனது போனதுதான். 1884-இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் வைக்க மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையில் ஓர் அலுமினியப் பிரமிடு வார்த்தார்கள். அன்றைக்கு அது அரிய உலோகம். தூணில் ஏற்றுவதற்கு முன் நியூயார்க்கில் ஒரு நகைக்கடையில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். ஜனங்கள் வந்து பார்த்ததோடு நிற்கவில்லை, அதைத் தாண்டினார்கள். நினைவுத்தூணின் உச்சியையே தாண்டியவன் என்று பின்னாளில் சொல்லிக்கொள்ளலாமே! இரண்டே வருடத்தில் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் மின்சாரத்தால் அந்த உலோகத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையிலேயே அதில் சமையல் பாத்திரம் செய்யத் தொடங்கிவிட்டார். எங்கள் வீட்டில் நாய்க்குச் சோறு வைக்கும் தட்டு அலுமினியம்தான். தினமும் தாண்டுகிறேன், ஒருவரும் பாராட்டுவதில்லை.

முருங்கைக்கீரைக்கு இந்த ஏற்ற இறக்கமெல்லாம் கிடையாது. வருஷம் முழுக்கக் கிடைப்பதால் வருஷம் முழுக்க அவமானம். காய்க்காத மாதத்தில்தான் மரம் தளதளவென்று தழைத்து நிற்கும். காய் கேட்டு வந்தவர்களிடம் "கீரை வேணா ஒடிச்சுத் தரட்டுமா?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். டொரண்டோவில் இருக்கும் அத்தை பெண் அதே இலையைப் பொடியாக்கி அடைத்த டப்பாவைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். தினமும் ஒரு ஸ்பூன், வெந்நீரில். டப்பாவில் ஒட்டியிருந்த விலையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்த அம்மா, கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வேலி தாண்டி வந்த ஆடு ஒன்று கீழ்க்கிளையைத் தின்றுகொண்டிருந்தது. "அப்ப இது ஒரு நாளைக்கு எத்தனை டாலருக்குத் திங்குது?"

வைரத்துக்கும் ஒரு சித்திரை மாதம் வரப் பார்த்தது. 1870 வாக்கில் தென்னாப்பிரிக்காவில் தோண்டத் தோண்ட வைரம் கிடைக்க ஆரம்பித்தது. இப்படியே போனால் கட்டுக் கட்டாகத் தரையில் போட்டு விற்க வேண்டியதுதான் என்ற நிலையில், 1888-இல் உருவான டி பியர்ஸ் கம்பெனி சுரங்கங்களை ஒவ்வொன்றாக வளைத்துப் போட்டது. தோண்டியதையெல்லாம் வெளியே விடாமல், சந்தைக்கு எவ்வளவு போகலாம் என்பதைத் தன் கையில் வைத்துக்கொண்டது.

அம்மாவுக்கு டி பியர்ஸைத் தெரியாது. ஆனால் இந்தப் பங்குனியில் நான் வழக்கம்போல் பையோடு கிளம்பியபோது வாசலிலேயே மறித்துப் பையைப் பிடுங்கிக்கொண்டாள். மூன்றே மூன்று காயை எடுத்துப் பழைய பேப்பரில் சுருட்டினாள். "மாடி வீட்டுல குடு. இந்த வருஷம் மரம் சரியாக் காய்க்கல, உங்களுக்குன்னு எடுத்துவெச்சோம்னு சொல்லு. வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னும் சொல்லு."

மாடி வீட்டு அக்கா இரண்டு கையாலும் வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். நாத்தனார் பேச்சே வரவில்லை. எதிர்வீட்டு சார் அதே அளவுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மதில் சுவருக்கு மேலே மரம் சடை சடையாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. மார்கழியில் குச்சியைப் பிஞ்சாகப் பார்த்த மனிதர், ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

இப்போது தெருவில் பாதி வீடுகளுக்குப் பொட்டலம் ரகசியமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நேற்று தெருமுனை வீட்டுக்காரர் என்னை வழிமறித்து, "எங்களை மட்டும் விட்டுட்டீங்களே சார்" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். அம்மாவிடம் வந்து சொன்னேன்.

"அடுத்த வாரம் பார்க்கலாம்னு சொல்லிவை" என்றாள்.