ஒற்றை எஸ் சிக்கல்: கிண்ணியாவை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலபாடம் கிண்ணியாச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் விலைப்பட்டியல். புரியாணி, கொத்து, பிளேன்டீ என்று தமிழில் ஒழுங்காக இறங்கிவந்து, அடியில் திடீரென ஆங்கிலத்தில் ‘டெசேட்’ என்கிறது. அதன் கீழே வட்டிலப்பமும் எருமைத் தயிரும். இரண்டு ‘எஸ்’ நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் நிற்கிறது. ஆகவே, அகராதிப்படி அக்கடை விற்பது பாலைவனம். பாணி ஊற்றினால் விலை கூட.

மகாவலி கடலில் விழும் கொட்டியாரக் குடாவின் கரையில், திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர் கிடக்கும் ஊரில், பாலைவனம் நுழைந்தது எப்படி? கட்டார், குவைத் போய் வந்தவர்களின் பெட்டியோடு வந்தது என்பர் ஒரு சாரார். 2009இல் திறந்த 396 மீற்றர் பாலத்துக்குச் சவூதி பணம் தந்ததால் பாலத்தோடு வந்தது என்பாரும் உளர். இரண்டையும் மறுக்கிறோம். குற்றவாளி ஆங்கிலமேதான்.

ஆங்கிலம் இந்தக் குடாவுக்கு வந்தபோது அதற்கே எழுத்துக்கூட்டல் நிலைப்பட்டிருக்கவில்லை. 1660இல் இக்குடாவின் கரையில் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்ட றொபேட் நொக்ஸ், 19 ஆண்டுகள் கழித்துத் தப்பியோடி, 1681இல் லண்டனில் புத்தகம் போட்டார். சாமுவேல் ஜோன்சனின் அகராதி வெளிவந்ததோ 1755இல். பிந்தி வந்த சட்டத்தை வைத்துத் தயிர்க்காரரைத் தண்டிப்பது என்ன நியாயம்? சொற்களின் பூர்வீகமும் அவர் பக்கமே. இனிப்பு டெசேட், சாப்பாட்டு மேசையை ஒழித்தெடுப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் பிறந்தது. பாலைவன டெசேட், ‘கைவிடப்பட்டது’ என்னும் லத்தீனில். கலியாண வீட்டில் கடைசிப் பந்தி எழும்பிய பிறகு போய்ப் பார்த்தவர்களுக்கு இரண்டும் தூரமில்லை.

ஸ்டேஷனரி விவகாரம் சிறியது. ‘ஏ’ போட்டால் அசையாமல் நிற்பது. ‘ஈ’ போட்டால் கொப்பி, பேனை. கொப்பிக் கடைப் பலகையில் ‘ஏ’ விழுந்துவிட்டால் இங்கிலிஸ் சேர்மார் தலையில் கைவைக்கிறார்கள். அவையோ ஒரே வயிற்றுப் பிள்ளைகள். தெருத் தெருவாய்க் கூவித் திரியாமல் ஓரிடத்தில் கடைபோட்டு உட்கார்ந்த புத்தக வியாபாரிக்கு வந்த பெயரல்லவா அது? காலையில் கல்லாவில் உட்கார்ந்து இஷா வரை எழும்பாத முதலாளியைக் கண்டவர் ‘ஏ’யைக் குறைசொல்லார்.

மேலும், பாலம் வருமுன் சனத்தையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு துறையில் மிதந்துபோனதற்கு இவ்வூரார் வைத்த பெயர் ‘பாதை’. பாதையையே ஓடவிட்டு, அதில் ஏறிக் கரைசேர்ந்த சமூகம் ஓர் ‘எஸ்’ஸுக்கா அஞ்சும்? மேற்படி கடையிலேயே இது நிரூபணமாயிற்று.

“காக்கா, போர்ட்டுல ஒரு எஸ் குறையுது” என்றார் இங்கிலிஸ் படிப்பிக்கும் சேர் ஒருவர்.

முதலாளி பலகையைப் பார்க்கவில்லை. சேருக்கு முன்னாலிருந்த சட்டியை எட்டிப் பார்த்தார்.

“தயிர் குறையல்லயே சேர்?”

இதற்குக் ‘கிண்ணியா விதி’ என்று பெயரிடுகிறோம்: எழுத்தும் சரக்கும் முரண்பட்டால் சரக்கே செல்லும். சேரும் மறுப்புரை எதுவும் சொல்லாமல் இன்னொரு கரண்டி பாணி கேட்டார்.

விதி தோற்பது ஊர்ப்பெயரில் மட்டும். ஆங்கிலத்தில் கிண்ணியாவையும் கன்னியாவையும் பிரிப்பது ஒரு ‘ஐ’யும் ஓர் ‘ஏ’யுந்தான். முன்னது திருகோணமலைக்குத் தெற்கே, பாலத்துக்கு அப்பால். பின்னது வடமேற்கே, ஏழு வெந்நீர்க் கிணறுகளோடு. இங்கே எழுத்துத் தப்பினால், துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு தயிர்க்கடை வாசலில் இறங்க வேண்டிவரும். அதற்கும் அகராதி தேவைப்படாது. ஓட்டோக்காரர் ஸ்டார்ட் பண்ணுமுன்பே கேட்டுவிடுவார்: “குளிக்கவா, சாப்பிடவா?”