மூன்றரை அடி கௌரவம்

செட்டிநாட்டுச் செக்காலையில் புதுசாக வீடு எழும்புகிறது என்றால் முதலில் எழும்புவது பேஸ்மட்டம்தான். "ரோட்டை விட மூணரை அடி ஏத்திருங்கண்ணே, நாளைக்கு ரோடு ஒசந்துரும்" என்பார் மேஸ்திரி. அவர் சொல்வதில் பொய்யில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று 2021-இல், தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். உத்தரவு கோப்புக்குள் பத்திரமாக இருக்கிறது. தெருவில் தார்மேல் தார். ரோடு ஏற, அதற்குப் பயந்து வீடு ஏற, நடுவில் ஐந்தாறு படிகள் முளைத்துவிடுகின்றன.

கேட்டால் பாரம்பரியம் என்பார்கள். செட்டிநாட்டு வீடு உயரமாகத்தானே நிற்கும்? நிற்கும். ஆனால் அந்த வீட்டைக் கட்டியவர்கள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாகக் கட்டினார்கள். நமக்கு அந்த அகலமும் வரவில்லை, நீளமும் வரவில்லை. உயரம் மட்டும் பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்திருக்கிறது.

சக்கர நாற்காலி ஏற வேண்டுமென்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி சாய்தளம் என்பது அளவு. மூன்றரை அடிக்கு 42 அடி. பல மனைகளின் நீளமே அவ்வளவுதான். உடனே கையை விரிக்கிறார்கள்: "சாய்தளம் போட்டா வீட்டை எங்கே கட்டுறது? அவுகளும் பாவம்தான். வீடில்லாதவுக பாவமில்லையா?" அடடா, என்ன கருணை! சக்கர நாற்காலியில் இருப்பவர் எவரும் வீடில்லாமல் தவிப்பதே இல்லை போலும். மூன்றரை அடி ஏற்றச் சொன்னது அவரா?

இடமில்லை என்று சொன்னவர் வாசலைக் கொஞ்சம் பாருங்கள். சாய்தளம் இருக்கிறது! சாக்கடையை மூடி, தெருவில் நாலடியை விழுங்கி, டயர் வழுக்காமலிருக்க சிமெண்டில் கோடு கிழித்து, காருக்காக. சக்கரம் வீட்டுக்குள் ஏற என்ன வேண்டும் என்பது நம்மவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்தச் சக்கரத்துக்குக் கடன் தவணை இருக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்த அப்பத்தாவை மட்டும் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் படியேற்றுவார்கள், மூட்டை ஏற்றுகிற மாதிரி.

அடுக்குமாடி இன்னும் விசேஷம். தரைத்தளம் முழுக்க வண்டிகளுக்கு, மனுசன் மாடிக்கு. "மூணு மாடிக்கு லிப்ட் எதுக்கு சார், மெயின்டனன்ஸ் ஏறும்." லிப்டுக்குச் செலவாகும், ஒப்புக்கொள்கிறேன். பாத்ரூம் கதவுக்கு என்ன சாக்கு? நிலை இரண்டரை அடி. சட்டம் போக உள்வழி இரண்டடி சொச்சம். சக்கர நாற்காலியும் இரண்டடி சொச்சம். தள்ளுகிறவர் விரல் நசுங்கும். இன்னும் அரையடி அகலமாக வைத்தால் சுவரில் செங்கல்தான் மிச்சம். பூஜையறைக் கதவில் கஜலட்சுமியின் யானைத் தும்பிக்கை எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று ஒரு மாதம் யோசித்த மனிதருக்கு, அப்பா எழுந்து நடக்க முடியாத நாள் வரும் என்று ஒரு நிமிடம் யோசிக்க நேரமில்லை.

இங்கிலாந்தில் 1999 முதல் புது வீடுகளுக்குப் படியில்லாத வாசலும் வாசல் தளத்தில் ஒரு கழிப்பறையும் விதி. அங்கும் வீட்டுப் பஞ்சம் உண்டு. நில விலையால் வந்த பஞ்சம், வாசற்படி இல்லாததால் வந்ததல்ல.

இங்கே சட்டம் இல்லையா? பிரமாதமாக இருக்கிறது. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு எந்த நிறுவனத்துக்கும் கட்ட அனுமதி கிடையாது. கட்டி முடித்த சான்றும் கிடையாது. அப்புறம் 2017-இல் விதிகளை எழுதினார்கள், வெறும் பரிந்துரை என்கிற மாதிரி. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், 15-ஆம் விதி சட்டத்துக்கே முரண் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-இல் சொல்லி, கட்டாய விதிகளை எழுத மூன்று மாதம் கெடு வைத்தது. கட்டாயச் சட்டத்துக்கு விருப்ப விதி எழுதிய கைகள் ஏழு வருடம் நிம்மதியாகச் சம்பளம் வாங்கின.

சட்டத்தை முதல் தடவை மீறினால் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். கிரகப்பிரவேசப் பந்தியில் ஐஸ்கிரீமுக்கே அதைவிடக் கூட ஆகும்.