பத்து சதவீதக் காது

அமெரிக்க அரசு தன் முன்னாள் ராணுவ வீரர்களுக்கு இப்போது கடல் அலை வழங்குகிறது. மழை வேண்டுமென்றால் மழை, மின்விசிறி வேண்டுமென்றால் மின்விசிறி. எல்லாம் சத்தமாக மட்டும். தலைமாட்டில் ஒரு சிறு பெட்டி, அல்லது காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. காதுக்குள் ராப்பகலாக ஓயாமல் 'கீ...' என்று கேட்கும் இரைச்சலை இந்தச் சத்தம் கொஞ்சம் அமுக்கி வைக்கும். டின்னிட்டஸ் என்று அந்த இரைச்சலுக்குப் பெயர். உட்செவியின் மயிர்செல்கள் வெடிச்சத்தத்தில் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. அந்நாடு முன்னாள் வீரர்களுக்கு ஊனத்தொகை கொடுக்கும் காரணங்களில் முதலிடம் கை போனதற்கும் இல்லை, கால் போனதற்கும் இல்லை, இந்த இரைச்சலுக்குத்தான். இருபது லட்சம் பேருக்கு மேல்.

போருக்குப் போனால் காது போகத்தான் செய்யும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எம்-16 துப்பாக்கி சுட்டால் 150 டெசிபலைத் தாண்டும், 140-க்கு மேலே போனாலே ஆபத்து என்பது ராணுவத்துக்குத் தெரியும். தெரிந்துதான் இயர் பிளக் வாங்கிக் கொடுத்தது.

அந்த இயர் பிளக்கைப் பற்றி ஒரு புராணமே பாடலாம். 'காம்பாட் ஆர்ம்ஸ்' என்று பெயர், இரண்டு முனை. பச்சை முனையைச் செருகினால் எல்லாச் சத்தமும் அடைபடும். மஞ்சள் முனையைச் செருகினால் வெடிச்சத்தம் மட்டும் அடைபடும், மேலதிகாரியின் அதட்டல் தெளிவாகக் கேட்கும். ராணுவத்துக்கு வேறென்ன வேண்டும்? செய்தது ஏரோ என்ற கம்பெனி. 2008-இல் அதை 3எம் வாங்கிக்கொண்டது. வழக்கு ஆவணங்களின்படி, 2000-ஆம் ஆண்டிலேயே ஏரோவின் சொந்தச் சோதனைக்கூடத்தில் பத்துப் பேருக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பித்து எட்டாவது ஆளோடு நிறுத்திவிட்டார்கள். முடிவு அவ்வளவு லட்சணம். தண்டு குட்டை, போட்டவனுக்கே தெரியாமல் காதில் நெகிழ்ந்துவிடும். சத்தத்தை அடைப்பதில் மஞ்சள் முனை வாங்கிய மதிப்பெண் மைனஸ் 2. விற்பனைக்கு வந்தபோது அது பூஜ்யம் ஆகியிருந்தது. பச்சை முனை முதலில் வாங்கியது 11-க்கும் கீழே. எதிர்முனையின் இதழ்களைப் பின்னால் மடக்கி வைத்து மறுபடி சோதித்தார்கள், 22 வந்தது. அந்த 22-ஐக் காட்டித்தான் வியாபாரம்.

மடக்கும் வித்தையை ராணுவத்திடம் மறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ராணுவத்துக்குத் தெரியும் என்பது கம்பெனியின் வாதம். இருக்கட்டும். ஈராக்கின் பல்லூஜாவில் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தவனிடம் இரண்டு பேரில் யாராவது ஒருவர் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

2003 முதல் 2015 வரை விற்றது. இதை வெளியே இழுத்துப் போட்டது ராணுவத் தணிக்கை அல்ல, இயர் பிளக் விற்கும் இன்னொரு கம்பெனி! போட்டிக்காரன் புகார் கொடுத்திராவிட்டால் அந்தக் கோப்பு இன்றைக்கும் தூங்கிக்கொண்டிருக்கும். 2018-இல் 3எம் 91 லட்சம் டாலர் கட்டியது, தவறை ஒப்புக்கொள்ளாமல். பிறகு வீரர்கள் வந்தார்கள், லட்சக்கணக்கில். புளோரிடாவின் பென்சகோலா நீதிமன்றத்தில் வழக்குகள் குவிய, விசாரணைக்கு வந்த பதினாறில் பத்தில் கம்பெனி தோற்றது. உடனே 2022-இல் ஏரோ மஞ்சள் கடிதாசு கொடுத்தது. அப்பன் வீட்டில் பணம் கொட்டிக் கிடக்கிறது, பிள்ளை மட்டும் திவால்! நீதிபதியின் காதில் பூச்சுற்ற முடியவில்லை. 2023 ஜூனில் விரட்டிவிட்டார். ஆகஸ்டில் 600 கோடி டாலருக்குப் பேசி முடித்தார்கள். 2029 வரை தவணை. தவறை அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி அந்தக் கடல் அலைக்கு வருவோம். போர்ட்லாந்தில் முன்னாள் வீரர் நலத்துறையின் செவி ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே இந்த முறைகளை உருவாக்கியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. இது இரைச்சலை நிறுத்தாது, அதோடு வாழக் கற்றுத்தரும் என்று நேர்மையாகவே சொல்கிறார்கள். தூக்கம் வராதவனுக்கு அதுவே பெரிய உதவி. ஆனால் 2019-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. ராணுவ மருத்துவமனைகளில் 151 பேர். சிலருக்கு ஆலோசனையோடு அசல் ஒலிக்கருவி, சிலருக்கு ஆலோசனையோடு போலிக் கருவி, மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. மூன்று தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. போர்க்களத்தில் அடைக்காத அடைப்பான், வீடு திரும்பியபின் போலியோடு சமமாக நிற்கும் அசல். இந்த ஜனங்களுக்குப் பொருத்தம் பார்த்துக் கொடுப்பதில் குறை சொல்லவே முடியாது.

பழகிக்கொள் என்பதுதான் மொத்த மருந்துச்சீட்டும். நல்லது. வழக்குகளின் சத்தத்துக்கு 3எம் ஏன் பழகிக்கொள்ளவில்லை? திவால் நீதிமன்றத்துக்கு ஓடினவர்களை உட்காரவைத்து, மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள், இது உங்கள் வாழ்க்கையின் ஒரு பகுதி என்று ஏன் யாரும் சொல்லவில்லை?

சரி, தொகை எவ்வளவு? டின்னிட்டஸுக்கு ஊனம் பத்து சதவீதம் என்பது சட்டம். 2025 கணக்கில் தனியாளுக்கு மாதம் 175 டாலர் 51 சென்ட். ஒரு காதில் இரைந்தாலும் பத்து, இரண்டிலும் இரைந்தாலும் அதே பத்து. காதுக்குப் பத்தாகக் கொடுங்கள் என்று ஒருவர் வழக்காடிப் பார்த்தார். துறையின் கணக்கே சரி என்று 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பத்தும் 2022-இல் துறையின் கண்ணை உறுத்தியது. இது தனி நோயே அல்ல, வேறொரு நோயின் அறிகுறி, ஆகவே தனியாக மதிப்பிட வேண்டியதில்லை என்று விதியைத் திருத்த முன்மொழிந்தார்கள். ஏற்கெனவே வாங்குகிறவர்களுக்குக் கை வைக்க மாட்டோம் என்று பெருந்தன்மையும் காட்டினார்கள். வெட்டு விழுவதென்றால் இனிமேல் காது போகப்போகிறவர்களுக்குத்தான். அவர்கள் இப்போது ஆள்சேர்ப்பு வரிசையில் நிற்கிறார்கள். அங்கே ஹெட்போன் மாட்டிக் காதைச் சோதித்துத்தான் எடுப்பார்கள். பழுதான காதை ராணுவம் வாங்குவதில்லை.