எரியக்கூடிய பக்தி

கெல்டிக் தேவியின் பூஜைமேடைக்கென்று கையால் கடைந்த மர மெழுகுவத்தித் தாங்கி விற்கிறார்கள் என்றால், நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கொள்ளியை யாராவது கட்டைமேல் வைப்பார்களா?" என்பதுதான். பித்தளை உண்டு, வெண்கலம் உண்டு, ஒன்றும் இல்லாவிட்டால் மண் அகல் உண்டு. அத்தனையையும் விட்டுவிட்டு மரத்தைத் தேடிப்போனவனுக்குப் புத்தி மட்டு என்று தீர்ப்பு எழுதிவிடலாம். எனக்கோ, அந்தத் தாங்கியின் பெருமை முழுவதும் அது தீப்பிடிக்கும் என்பதில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. தெய்வத்துக்கு ஏற்றும் விளக்கு எதன்மேல் நிற்கிறதோ, அதற்கும் கொஞ்சம் ஆபத்து இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஏற்றியவர் தூங்கிவிடுவார்.

இந்த வழக்கை நடத்தக் கோரமண்டலே சரியான ஊர். பெயரைக் கேட்டுக் கடற்காற்று வாங்க வருகிறவர் ஏமாறுவார். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயில் உரிகத்துக்கு முன்னால் நிற்கும், கோலார் தங்கவயலின் கோரமண்டல் இது. கெல்டிக் சங்காத்தமும் இந்த வயலுக்குப் புதிதல்ல. 1870களில் மைசூர் அரசிடம் தங்கம் தோண்ட அனுமதி வாங்கிய லவெல் ஓர் ஐரிஷ்காரர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின் இங்கே இறங்கிய துரைமார்களில் பலர், இன்னொரு கெல்டிக் பூமியான கார்ன்வாலின் சுரங்கக்காரர்கள். அவர்கள் பெரும்பாலும் மெதடிஸ்டுகள். பழைய தேவி எதிரே வந்திருந்தால் அவளையும் ஞாயிறு பள்ளியில் சேர்த்திருப்பார்கள். ஆனால் அவர்கள் ஊர்ச் சுரங்கங்களில் மெழுகுவத்தியை வைத்த இடம் என் கட்சிக்குச் சாட்சி: பிசின் ஊட்டி விறைப்பாக்கிய கம்பளித் தொப்பியில் ஒரு களிமண் உருண்டையை அப்பி, அதில் கொழுப்பு மெழுகுவத்தியைச் செருகிக்கொள்வார்கள். பிசினும் எரியும், கம்பளியும் எரியும், கீழே இருப்பது சொந்தத் தலை. அந்த விளக்கை ஏற்றிவிட்டுக் கண்ணயர்ந்தவன் கிடையாது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. சுவிட்சைத் தட்டிவிட்டுக் கொட்டாவி விடும் கலை அதற்குப் பிறகு வளர்ந்தது.

சரி, அந்தத் தேவி யார்? பலர் இருந்தாலும், நெருப்போடு அதிகம் பேசப்படுகிறவள் அயர்லாந்தின் பிரிஜிட். கவிதை, மருத்துவம், கொல்லுவேலை என மூன்று இலாகாக்கள் அவள் கையில். கொல்லர்களின் தெய்வம் தங்கவயலுக்கு அந்நியமாக இருக்க முடியாது. அதே பெயரில் ஒரு கிறிஸ்தவப் புனிதையும் உண்டு, இருவருக்கும் பிப்ரவரி 1 திருநாள். அந்தப் புனிதை கில்டேரில் ஓக் மரத்தடியில் மடம் அமைத்ததாக மரபு. அங்கே அணையாமல் காத்த தீயைப் பற்றிப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வேல்ஸ்காரரான ஜெரால்ட் எழுதினார்: பத்தொன்பது கன்னியர் ஆளுக்கோர் இரவு காவல், இருபதாம் இரவு பிரிஜிட்டே பார்த்துக்கொள்வாள். எவ்வளவு விறகு எரிந்தும் சாம்பல் கூடவில்லை என்றும் எழுதினார். அந்தத் தீயைச் சுற்றிய வேலிக்குள் ஆண்களுக்கு அனுமதியில்லை. சாம்பல் அள்ளியவர்களிடம் விசாரித்தாரா என்பது வேறு விஷயம். கவனிக்கவேண்டியது, தேவிக்கே நைட் ஷிப்ட் போட்ட அந்த ஏற்பாடு. ஆள் உட்காராத நெருப்பு அவர்கள் கணக்கில் வழிபாடே இல்லை.

"அது அவர்கள் ஊர் வழக்கம், நம் அம்மன் இதை ஒப்புவாளா?" என்பார்கள். நம் அம்மன் ஒருபடி மேலே போனவள். மாரியம்மனுக்கு ஏற்றும் மாவிளக்கு பச்சரிசி மாவும் வெல்லமும் பிசைந்தது. நடுவில் குழித்து, நெய்விட்டு, திரி போட்டு ஏற்றி, எரிந்து முடிந்ததும் விளக்கையே பிரசாதமாகச் சாப்பிட்டுவிடுகிறோம். தாங்கியைத் தின்னும் மரபில் வந்தவர்கள், தாங்கி எரியலாமா என்று இன்னொருவரைக் கேட்பது அழகல்ல. மாவிளக்கின் முன் யாரும் தூங்கியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெய் ஊறிய அந்த வாசனையும் காவலுக்கு ஒரு காரணம்தான்.

"இந்தக் கெல்டிக் பூஜையே நேற்று முளைத்தது" என்பது அடுத்த ஆட்சேபணை. பெருமளவு உண்மை. இங்கிலாந்தில் ஜெரால்ட் கார்ட்னர் 1954இல் நூல் எழுதியதையொட்டிப் பரவிய புதுச் சமயங்களின் சாயல் இந்த மேடைகளில் நிறைய. ஆனால் நெருப்பு ஜாதகம் பார்த்துப் பிடிப்பதில்லை. "வீடு பற்றிக்கொண்டால்?" என்பது கடைசி ஆட்சேபணை, கனமானதும் அதுதான். அதற்கு அஞ்சித்தான் சில கைவினைஞர்கள் மரக்குழிக்குள் ஒரு பித்தளைக் கிண்ணத்தைப் பதிக்கிறார்கள். அது மரத்தைக் காப்பாற்றும், பக்தரைச் சோம்பேறியாக்கும். என் யோசனை செலவில்லாதது: எழுந்து போகும்போது ஊதி அணைத்துவிட்டுப் போங்கள். சன்னப்பட்டணத்தில் வெட்பாலை மரம் கடைகிறவர்களிடம் சொன்னால் அழகான தாங்கி செய்து தருவார்கள். ஓராண்டு உத்தரவாதமும் கேட்கலாம். ஆனால் அவர்கள் புத்திசாலிகளாக இருந்தால், ஓராண்டுக்கு நீங்கள் விழித்திருப்பீர்கள் என்ற உத்தரவாதத்தை முதலில் உங்களிடம் எழுதி வாங்கிக்கொள்வார்கள்.