வீட்டில் இல்லாதவன் விண்ணப்பம்

மாட்சிமை பொருந்திய இணையவழி வணிக நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் சமூகத்துக்கு,

தென்காசி மாவட்டம் ராயகிரியிலிருந்து, வீட்டில் இல்லாத நான், என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

நேற்று மத்தியானம் இதே திண்ணையில் காலை நீட்டிப் போட்டிருந்த நேரத்தில் தங்கள் திருமுகம் கைபேசியில் வந்தது. 'டெலிவரிக்கு வந்தோம், வாடிக்கையாளர் வீட்டில் இல்லை.' சொல்வது யார், சாமானியமா? அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏளா, நான் வீட்ல இருக்கனா?" என்றேன். "மாத்திரைய முழுங்கிட்டுப் பேசுங்க" என்று பதில் வந்தது. வீட்டில் இல்லாத நான் மாத்திரையை முழுங்கினேன்.

நான் கேட்டிருந்தது முட்டிக்குப் போடுகிற பெல்ட். மாடிப்படி ஏறாதீர், நடையைக் குறையும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காசை முதலிலேயே கட்டியாயிற்று. நடக்க முடியாதவன் வெளியே போய்விட்டான் என்று கண்டுபிடித்த தங்கள் ஞானதிருஷ்டியை என்னவென்று புகழ்வது!

சாயங்காலம் அடுத்த திருமுகம்: 'வாடிக்கையாளர் பொருளை வாங்க மறுத்துவிட்டார்.' வீட்டில் இல்லாத நான் யாரிடம், எங்கே நின்று மறுத்தேன் என்பதையும் தெரிவித்தால், அந்த ஆளைத் தேடிப் பிடித்து நானும் நாலு வார்த்தை கேட்பேன்.

நடந்தது தங்களுக்கும் தெரியும். பார்சல் கொண்டுவர வேண்டிய பையன் காலையில் போன் பண்ணினான். "அண்ணாச்சி, ராயகிரிக்கு இன்னைக்கு உங்க பார்சல் ஒண்ணுதான். அதுக்காக வந்தா பெட்ரோலுக்கே கட்டாது. சிவகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருங்களேன்." முட்டி நிலவரத்தைச் சொன்னேன். "அப்ப நாளைக்குப் பாப்போம் அண்ணாச்சி" என்றான், பாவம். பார்சலுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. வண்டி அவனது, பெட்ரோல் அவனது. ராத்திரிக்குள் ஏதாவது ஒரு காரணத்தை அமுக்கினால்தான் அவன் கணக்கு முடியும். அமுக்குவதற்குத் தாங்கள் கொடுத்திருக்கும் பொத்தான்கள்: ஆள் இல்லை, வாங்க மறுத்தார், முகவரி தவறு. 'கம்பெனி பெட்ரோல் காசு தரவில்லை' என்ற பொத்தான் இல்லை. எதை அமுக்கினாலும் குற்றவாளி நான்தான்!

முகவரி என்றதும் ஞாபகம் வருகிறது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல். தங்கள் முகவரிக் கட்டத்தில் நான் இன்னும் திருநெல்வேலிக்காரன். வீட்டில்தான் இல்லை என்று பார்த்தால் மாவட்டத்திலும் இல்லை. ஆறு இலக்கப் பின்கோடு 1972 சுதந்திர தினத்தன்று வந்தது. அதைப் பார்த்தே தபால்காரர் கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஜப்தி நோட்டீஸ் வரை கொண்டுவந்து கொடுத்தார். பொருளைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கும் முறையை 2010-இல் ஃப்ளிப்கார்ட் கொண்டுவந்தபோது நாடே வியந்தது. வி.பி.பி. என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எங்கள் தபாலாபீஸ் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. தங்களைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம்.

சரி, பெல்ட்டை உள்ளூரிலேயே வாங்குவோம் என்று மருந்துக்கடைக்கு ஆளனுப்பினேன். "இப்ப எல்லாரும் ஆன்லைன்லதானே போடுதாங்க, நாங்க ஸ்டாக் வைக்கிறதில்ல" என்று கடைக்காரர் சொல்லி அனுப்பிவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தார்கள். நாங்களும்தான் விலை குறைவு என்று ஓடினோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. தள்ளுபடி கொடுத்துக் கடைக்காரரின் யாவாரத்தைப் படுக்கவைத்துவிட்டு, பையனின் கூலியையும் அரைகுறையாகக் கொடுத்துவிட்டு, கடைசி ஆறேழு கிலோமீட்டரை முட்டி போன கிழவன் தலையில் கட்டுவதற்குப் பெயர் வியாபாரமா? காசை எடுக்கிறபோது என் வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களாய்யா?

மன்னிக்க வேண்டும். வீட்டில் இல்லாதவனுக்கு இவ்வளவு கோபம் ஆகாது.

தங்கள் அரட்டைப் பெட்டியில் முறையிட்டேன். 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், தங்கள் பொறுமைக்கு நன்றி' என்று இரண்டே நொடியில் பதில். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்தது என்பதைக் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்தும் வைக்க வேண்டும். முதல் பாதியில் தாங்கள் சட்டத்தையே மிஞ்சிவிட்டீர்கள். 'இன்னும் 2 மட்டுமே உள்ளன, விரைந்து வாங்குங்கள்' என்று அவசரப்படுத்தினீர்களே, அந்தப் பெல்ட் இன்று காலையிலும் இரண்டுதான் இருக்கிறது. பொய்யாக அவசரப்படுத்துவது கூடாது என்று 2023 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டுதல் போட்டது தங்கள் பார்வைக்கு வந்திருக்காது. வேலைப் பளு.

ஆகவே ஐயா, பெல்ட் வேண்டாம். பணத்தைத் திருப்பித் தந்தால் போதும். வாங்குகையில் கண் சிமிட்டுவதற்குள் போன பணம், திரும்பி வர 5 முதல் 7 வேலை நாள் ஆகும் என்கிறீர்கள். பணத்துக்கும் முட்டி வலிபோலும். அதற்குள் வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசச் சொல்லி என் பேத்தி எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

இந்த விண்ணப்பத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்ப உத்தேசம். தங்கள் முகவரியைச் செயலியின் அடிமட்டத்தில், பேத்தி கண்ணுக்கே எட்டாத எழுத்தில் கண்டுபிடித்தோம். தங்கள் ஆபீஸ் பக்கத்தில் டீக்கடையோ, பிள்ளையார் கோயிலோ, செல்போன் டவரோ இருந்தால் தெரிவிக்கவும். லேண்ட்மார்க் இல்லாமல் தபால்காரர் சிரமப்படக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் மேலான வாடிக்கையாளர்
(மேலான என்பது தங்கள் வார்த்தை)