நாக்பூருக்குத் தெரியாதது கிண்டிலுக்குத் தெரியும்

சிவகாசி வட்டாரத்தில் ஒரு பட்டாசு அறை வெடித்தால் முதலில் எழும் கேள்வி, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான். போர்மேன் ஒரு எண் சொல்வார். வருகைப் பதிவேடு வேறு எண் சொல்லும். வாசலில் கதறும் சொந்தக்காரர்கள் மூன்றாவது எண் சொல்வார்கள். நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் துறை தந்த லைசென்ஸில் ஒருவர் பெயர் இருக்கும். உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் இன்னொருவராக இருப்பார்.

இதே மண்ணில், ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் ஷிஃப்ட் முடித்து வந்த ஒருவர் கிண்டிலில் நாவல் படிக்கிறார் என்று வையுங்கள். எத்தனை மணிக்குத் திறந்தார், எந்தப் பக்கத்தில் தூங்கிப்போனார், எந்த வரிக்கு மஞ்சள் பூசினார், எந்தச் சொல்லுக்கு அகராதியைத் தொட்டார் என்பதெல்லாம் வைஃபை கிடைத்ததும் அமேசான் கம்பெனிக்குப் போய்விடும். கிண்டில் அன்லிமிட்டெடில் 2015 முதல் எழுத்தாளருக்குக் கூலியே, வாசகர் படித்த பக்கங்களை எண்ணித்தான். தீப்பெட்டி ஆபீசில்கூடப் பீஸ் ரேட்டுக்கு இத்தனை சுத்தமான கணக்குக் கிடையாது.

ஆகவே பணிவான ஒரு யோசனை: கிண்டிலின் அந்த மூளையைப் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையில் மாட்டுங்களேன். நாலு பேருக்கு அனுமதியுள்ள அறையில் ஐந்தாவது ஆள் கால் வைத்தால் கத்தட்டும். மணிமருந்து அளவு மீறினால் கத்தட்டும். மாட்ட மாட்டார்கள். அங்கே மிஞ்சுவது வெறும் உயிர். அதற்குச் சந்தையில் விலை இல்லை.

கிண்டில் வேவு பார்த்தால் என்ன, “நான் என்ன தப்பான புத்தகமா படிக்கிறேன்?” என்பவர்கள் 2019 ஆகஸ்டை நினைத்துக்கொள்ளட்டும். பீமா கோரேகான் வழக்கில், ‘வார் அண்ட் பீஸ்’ என்ற பெயர் வந்த புத்தகத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டில் ஏன் வைத்திருந்தார் என்று மும்பை உயர் நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தது. டால்ஸ்டாயைச் சொல்லவில்லை, அதே சாயலில் தலைப்புள்ள வேறு நூல் என்று மறுநாள் விளக்கம் வந்தது. அலமாரியில் சும்மா கிடந்த காகிதத்துக்கே இந்த விசாரணை. அடிக்கோட்டோடும் நேரக் கணக்கோடும் ஒரு கோப்பு கிடைத்தால்?

வாங்கிய புத்தகத்தை வைத்திருக்கவாவது விடுவார்களா? 2009 ஜூலையில், உரிமையில்லாதவர் விற்றுவிட்டார் என்று சொல்லி, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலுக்குள் புகுந்து அமேசான் அழித்தது ஆர்வெல்லின் ‘1984’. கண்காணிப்பு அரசைப் பற்றிய நாவல்! பணத்தைத் திருப்பித் தந்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். கை மட்டும் எவ்வளவு தூரம் நீளும் என்பது தெரிந்துபோயிற்று.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு ஓர் அறிவிக்கையில் விலக்குத் தர அரசு அதிலேயே வழி வைத்துக்கொண்டது. போகிற போக்கில் தகவல் உரிமைச் சட்டத்திலும் கத்தி வைத்தது: பொதுநலன் இருந்தால் தனிப்பட்ட தகவலையும் தரலாம் என்று 8(1)(ஜே) பிரிவில் இருந்த வாசகத்தை வெட்டியது. 2025 நவம்பரில் அதுவும் அமலுக்கு வந்துவிட்டது. வெடித்த ஆலையைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று தாலியறுத்தவள் கேட்டால், ‘தனிப்பட்ட தகவல்’ என்று கைவிரிக்க இனி வசதி. மானம் காக்கப்பட்டது, அதிகாரியின் மானம்.

ஆலங்குளத்து வாசகருக்கு இப்போதைக்கு ஒரே வழி, வைஃபையை நிரந்தரமாக அணைத்துவிட்டுப் படிப்பதுதான். அதிகாரிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். எத்தனை அறை வெடித்தாலும் அவர்களிடமிருந்து ஒரு தகவலும் வெளியே போனதில்லை.