பிரியாணிப் பந்தயமும் போனி எம்மும்

ஒரு பாட்டைப் பாடியவர் யார் என்று தெரிந்துகொள்ள மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாங்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்த மாதங்களையெல்லாம் எவ்வளவு சந்தோஷமாகச் சண்டை போட்டே கழித்தோம் என்றும் சொன்னால், சிரிப்பை நிறுத்திவிட்டுப் பரிதாபப்படுகிறார்கள்.

ஆம்பூர் பஜாரில் பாய் டீக்கடை பெஞ்சுதான் எங்கள் கோர்ட்டு. எண்பதுகளின் தொடக்கம். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத தோல் வாசனையோடு டேனரியிலிருந்து வருகிறவர்களும், தோல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர்களும், என்னைப்போல் கணக்கு எழுதுவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவர்களும் அங்கே கூடுவோம். கடை ரேடியோவில் இலங்கை வானொலி. அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா மூச்சுவிடாமல் படம், இசை, பாடியவர் என்று அடுக்கிக்கொண்டு போவதைப் பாட்டைவிடக் கவனமாகக் கேட்போம். சரியாகப் பாடகர் பெயர் வருகிற நேரம் பார்த்துத்தான் அலை பிசகிக் கரகரக்கும், அல்லது கூட்ஸ் வண்டி ஒன்று ஊரைக் கிழித்துக்கொண்டு போகும். அப்புறம் என்ன, வழக்கு பதிவாகிவிடும். பந்தயம் ஒரு பிளேட் பிரியாணி, கத்தரிக்காய் தனியாகக் கேட்டு வாங்கித் தருவது தோற்றவன் பொறுப்பு.

சாட்சிகள் இரண்டு பேர். ஒன்று, சில்லறைக் காசுக்குக் கிடைத்த பாட்டுப் புத்தகம். மீதிக் கதையை வெள்ளித்திரையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நழுவும் அது, பாடியவர் பெயரிலும் சில சமயம் அப்படியே நழுவும். இன்னொருவர் மைக்செட்காரர். ஒரு தெருவில் நிக்காஹ் வீட்டுக்கு நாகூர் ஹனிஃபாவும் அடுத்த தெருவில் அம்மன் கோயில் கூழுக்கு எல்.ஆர். ஈஸ்வரியும் அவருடைய ஒரே குழாய் ஸ்பீக்கர் வழியாகத்தான் வருவார்கள். இசைத்தட்டின் உறை அவர் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் இருந்ததால் அவர் சொன்னதே தீர்ப்பு. அதையும் இரண்டாவது டீ வந்தபிறகுதான் சொல்வார்.

எந்த வாய்தாவும் இல்லாமல் எங்களுக்குச் சாதகமாக முடிந்த வழக்கு ஒன்று உண்டு. 1971-இல் ‘குட்டி’ இந்திப் படத்தில் பாடிப் புகழ் பெற்ற வாணி ஜெயராமை பம்பாய்க்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பெஞ்சே எழுந்து நிற்கும். அவர் 1945 நவம்பர் 30 அன்று வேலூரில் பிறந்தவர், இயற்பெயர் கலைவாணி. எம்.எஸ்.வி. இசையில் ‘தீர்க்க சுமங்கலி’யின் மல்லிகைப் பாட்டு 1974-இல் வந்தபோது ஊர்ப் பெண்ணே ஊருக்குத் திரும்பி வந்த மாதிரி கொண்டாடினோம். அதற்கு அடுத்த ஆண்டு ‘அபூர்வ ராகங்கள்’, தேசிய விருது. அவர் முன்பு ஸ்டேட் பாங்கில் வேலை பார்த்தவர் என்ற செய்தி, பேரேட்டை மூடிவிட்டுக் கண்ணாடி முன்னால் பாடிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எவ்வளவு தெம்பு தந்தது என்பதை இங்கே விவரிக்காமல் விடுவதே மரியாதை. அன்றைக்கு எல்லாமே வட ஆர்க்காடு மாவட்டம், அதனால் உரிமை கொண்டாடத் தடையில்லை. 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து எங்களைத் திருப்பத்தூரோடு சேர்த்துவிட்டதால், கணக்குப்படி அவர் இப்போது பக்கத்து மாவட்டக்காரர்.

இங்கிலீஷ் பாட்டு எங்களுக்கு வந்துசேர்ந்ததே தோல் வழியாகத்தான். மண்டி வேலையாகச் சென்னை பெரியமேட்டுக்குப் போகிறவன், கொஞ்சம் நடந்தால் சென்ட்ரலுக்குப் பக்கத்து மூர் மார்க்கெட். அங்கே பழைய இசைத்தட்டுகளும், கல்கத்தாவிலிருந்து வந்து நின்றுபோன ஜே.எஸ். பத்திரிகையின் பழைய இதழ்களும் குவிந்து கிடக்கும். வாங்கக் காசில்லை, நின்றபடியே படித்து மனதில் ஏற்றிக்கொண்டு சாயங்கால ரயிலேறி ஊருக்கு வந்தால் இரண்டு வாரத்துக்கு நான்தான் ராஜா. 1967-இல் பீட்டில்ஸின் ‘பென்னி லேன்’ பாட்டை இங்கிலாந்தில் முதலிடத்துக்கு வரவிடாமல் நிறுத்தியவர் எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க், அவர் பிறந்தது மதராஸில் என்று நான் அறிவித்த அன்று, பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “தம்பி, வெயில்ல எங்கயாச்சும் விழுந்தியா?” என்று கேட்டார். ரிங்கோ ஸ்டார் வருவதற்கு முன் அதே பீட்டில்ஸுக்கு டிரம் வாசித்து, 1962-இல் வெளியேற்றப்பட்ட பீட் பெஸ்ட்டும் மதராஸில் பிறந்தவர்தான் என்று சேர்த்துச் சொன்னதும், எனக்கு வைத்திருந்த பன்னைக் கூடத் திரும்பக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். இரண்டும் நிஜம். நிரூபிக்கத்தான் வழியில்லை. 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தபோது என் சாட்சிகளும் சேர்ந்து எரிந்தார்கள்.

ஜெர்மனி போய்வந்த ஷூ கம்பெனிக்காரர் ஒருவரிடமிருந்து கைமாறி வந்த போனி எம் குழுவின் கேசட்டைத் தேயும்வரை கேட்டோம். ‘ரஸ்புடின்’ பாட்டின் ஒரு வரியும் புரியாது. இருந்தாலும் அதில் வரும் தடித்த ஆண் குரல், உறையில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு நிற்கும் பாபி ஃபாரல் குரல்தான் என்று கற்பூரம் அடித்துச் சொல்லத் தயாராக இருந்தோம். நான் சட்டையில் மேல் இரண்டு பொத்தான் போடுவதை நிறுத்தியது அந்த ஆண்டுதான்.

இப்போது எல்லாம் சட்டைப்பையில் கிடக்கும் போனுக்குள் இருக்கிறது. அந்தக் குரல் பாபியுடையது அல்ல, தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபேரியனே ஸ்டுடியோவில் பாடியது, பாபி மேடையில் வாயசைத்தார் என்று என் மகன் பஸ் ஏறுகிற நேரத்தில் சொல்லிவிட்டான். அதோடு விட்டானா? 2010 டிசம்பர் 30 அன்று பாபி இறந்தது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். ரஸ்புடின் 1916-இல் கொல்லப்பட்டதும் அதே ஊரில், இன்றைய காலண்டர்படி அதே தேதியில். எங்கள் பெஞ்சாக இருந்தால் ஆறு மாதம் இதை வைத்தே ஓட்டியிருப்போம், பாதிப் பேர் பேய் என்றிருப்பார்கள். அவன் “ஓகே” என்று சொல்லிவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விட்டான்.

போனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. போனி எம் தன் ஆரம்பப் பாட்டுகளைப் பதிவு செய்த ஸ்டுடியோ ஜெர்மனியின் ஆஃபன்பாக்கில் இருந்தது என்று அதுதான் சொன்னது. ஆஃபன்பாக் தோல் பொருளுக்குப் பேர்போன ஊர், தோலுக்கென்றே 1917-இல் ஓர் அருங்காட்சியகம் தொடங்கிய ஊர். இது அன்றைக்கே தெரிந்திருந்தால் போனி எம்மில் பாதியை ஆம்பூர் பேருக்கு எழுதி வாங்கியிருப்போம். இன்னொன்றும் அதுதான் சொன்னது. இந்த மெட்டு எந்த இங்கிலீஷ் பாட்டிலிருந்து வந்தது என்று எங்கள் இசையமைப்பாளர்களைத் துருவிக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்த 1985-இல் வந்த ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படத்தின் இளையராஜா பாட்டை, 2003-இல் பிளாக் ஐட் பீஸ் என்ற அமெரிக்கக் குழு எடுத்துத் தன் பாட்டுக்குள் வைத்துக்கொண்டது. ‘தளபதி’யின் பாட்டு ஒன்றை 2007-இல் எம்.ஐ.ஏ. என்ற பாடகி எடுத்துக்கொண்டார். துருவுகிற வேலையே இப்போது திசை மாறிவிட்டது, அதைச் செய்ய பெஞ்சுதான் இல்லை.

பெஞ்சு வாட்ஸ்அப்பில் இருக்கிறது. பழைய ஆட்கள் சேர்ந்து குழு ஆரம்பித்தோம். கேள்வி போட்ட நான்காவது விநாடி விடை வந்து விழுந்தது, கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சுத்தமாக, எங்களில் ஒருவருக்கும் வராத தமிழில். அதனால் இப்போது புதுச் சட்டம்: உடனே வந்த விடை செல்லாது. போன வாரம் ‘மல்லிகைப் பாட்டு எந்தப் படம்?’ என்று கேட்டேன். சரியான விடைகள் மளமளவென்று வந்தன, எல்லாம் தள்ளுபடி. மறுநாள் சாயங்காலம் பழைய மைக்செட்காரர் குரல் பதிவு அனுப்பினார். முதலில் ஒரு பெரிய இருமல், பிறகு வேறு ஏதோ படத்தின் பெயர், அந்தப் படம் ஓடிய டாக்கீஸ், அன்றைக்கு அவர் யாரோடு போனார் என்கிற வரலாறு. பிரியாணிப் பணத்தை அவருக்கே ஜிபே பண்ணினோம்.